குடும்பத்தில் நோய் ஏதும் உண்டா?

ஜனவரி 1, ஞாயிறு

தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் கொடுக்கும் டைரி வந்துவிட்டது. அட்டையில் இந்த வருடமும் ஒரு வெள்ளைக் கோழி. முதல் பக்கத்தில் என்னைப் பற்றிய விவரங்களை நிரப்பினேன். பெயர்: செங்கோட்டுவேலு. வயது: 33. தொழில்: முட்டைக்கோழிப் பண்ணை மேற்பார்வை, நாமக்கல். இரத்த வகை: ஓ பாசிட்டிவ். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: ‘குடும்பத்தில் நோய் ஏதும் உண்டா?’

கொட்டை எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். மனைவி கோகிலா எட்டிப் பார்த்து, “ஒரு கோடு பத்தாதுங்களா?” என்று சிரித்தாள். பத்தாது. எங்கள் வீட்டில் சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது. அப்பா சாகும் வரைக்கும் பல் விழாமல் கரும்பு கடித்தவர்.

ஜனவரி 8, ஞாயிறு

முதலாளியோடு இன்று ஒரு சண்டை. நாற்பதாயிரம் கோழி இருக்கிற பண்ணையில் அவருக்குத் தனியாக நாட்டுக்கோழி ஆசை வேறு. மூன்று வருடமாக ஒரே சேவல். அதன் பெட்டைகளுக்கும் அதே சேவல், அந்தப் பெட்டைகளின் குஞ்சுகளுக்கும் அதே சேவல். இந்த முறை பொரித்த குஞ்சில் பாதிக்கு மேல் சுருண்டு விழுந்துவிட்டது.

“ஒரே ரத்தத்துல திரும்பத் திரும்ப எடுத்தா எப்படிங்க தங்கும்? மொதல்ல அந்தச் சேவலக் குடுத்துட்டு, வெளியூர்ல இருந்து ஒண்ணு புடிச்சிட்டு வாங்க” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கேட்பார். கோழி விஷயத்தில் என் பேச்சை மீறி இந்தப் பண்ணையில் எதுவும் நடந்ததில்லை. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கோழிக்கு ஊசி போடுகிற கை இது.

சாயங்காலம் பாவாயி அத்தை வீட்டுக்குப் போய் வந்தோம். தம்பி பூபதிக்கு அத்தையின் சின்ன மகள் சுகந்தியைக் கட்டுவது என்று பேச்சு முடிந்தது. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான்தானே, நான்தான் வாக்குக் கொடுத்தேன். சுகந்தி, கோகிலாவின் தங்கை. கோகிலா எனக்கு அத்தை மகளும்தான், மாமன் மகளும்தான். என் அப்பாவின் தங்கை பாவாயி அத்தையை என் அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்து, அம்மாவை அப்பாவுக்கு எடுத்தார்கள். அதற்கு முன்னாலும் அப்படித்தான். நான்கு தலைமுறையாக வெளியே பெண் எடுத்ததுமில்லை, வெளியே கொடுத்ததுமில்லை. ஊரில் எத்தனை வீட்டுக்கு இந்தப் பெருமை உண்டு?

பூபதி திண்ணையில் ஒரு மூலையில் நின்று தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சின்ன வயதிலிருந்தே சுகந்தி மேல் பைத்தியம் என்பது எனக்குத் தெரியாதா என்ன!

அத்தைக்குக் கோகிலாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து தங்கவில்லை என்பார்கள். அது காய்ச்சல். அந்தக் காலத்தில் எந்த வீட்டில்தான் அப்படி நடக்கவில்லை?

ஜனவரி 19, வியாழன்

பையன் மித்ரனுக்கு இடது கக்கத்தில் மறுபடியும் கட்டி. நெல்லிக்காய் அளவு.

பிறந்த நான்காம் மாதத்தில் இதே இடத்தில் வந்தது. பிறந்ததும் இடது கையில் போடுகிற காசநோய்த் தடுப்பூசி சில பிள்ளைகளுக்கு அப்படிக் கட்டி கட்டும், தானாக அமுங்கிவிடும் என்றார்கள். அமுங்காததால் கீறி எடுத்தோம், ஆறியது. இப்போது பையனுக்கு ஒன்றே முக்கால் வயது. இதுவும் ஆறிவிடும்.

பிப்ரவரி 2, வியாழன்

பையனுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். உள்ளூர் டாக்டர் காசநோய் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். உடம்பு இளைத்துவிட்டது. என் வைத்தியத்தையும் சேர்த்து நடத்துகிறேன். காலையில் பண்ணையிலிருந்து சூடு ஆறாத முட்டையாக ஒன்று கொண்டுவந்து, அதன் முனையில் ஓட்டை போட்டு, பச்சையாகவே வாயில் ஊற்றிவிடுகிறேன். நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

“வேண்டாங்க, அவனுக்கு ஒமட்டுது” என்கிறாள் கோகிலா. நாமக்கல்லில் பிறந்துவிட்டு முட்டை உமட்டுவதா? என் பையன் குடித்துவிட்டான். மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்தான். வீரன்.

பிப்ரவரி 11, சனி

கோயமுத்தூர். பெரிய ஆஸ்பத்திரி. பேனா எடுக்க நேரமில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

காய்ச்சல் நூற்று நான்கு வரை போனது. பையன் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் படுத்திருந்தான். இன்று காலையில்தான் தண்ணீர் கேட்டான்.

இரத்தத்தில் சால்மோனெல்லா என்கிற கிருமி வளர்ந்திருக்கிறதாம். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கோழி வளர்க்கிற எவனுக்கும் தெரியும். டாக்டர் ஜெயசீலி என்பவர் பார்க்கிறார். மெலிந்த பெண்மணி, குரல் உயராது, ஆனால் கேள்வியை விடுவதில்லை.

“பச்சை முட்டை, அரைவேக்காடு ஏதாவது குடுத்தீங்களா?”

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். “எப்பவாச்சும்” என்றேன்.

பிறகு ஒரு படிவம். குடும்பத்தில் நோய் ஏதும் உண்டா? இல்லை. சொந்தத்தில் கல்யாணமா? இந்தக் கேள்விக்கு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஆமாங்க மேடம். அத்தை பொண்ணும் இவதான், மாமன் பொண்ணும் இவதான். நாலு தலைமுறையா இப்படித்தானுங்க.” டாக்டர் சிரிக்கவில்லை. எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

பிப்ரவரி 28, செவ்வாய்

இன்று டாக்டர் எங்களை உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். புரிந்ததை எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் என்னிடம் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

உடம்பில் கிருமியை விழுங்குகிற அணுக்கள் இருக்கின்றன. அவை கிருமியை விழுங்கியதும் இன்டர்லூகின்-12 என்று ஒரு சேதியை வெளியே அனுப்பும். அந்தச் சேதியை வாங்குவதற்கு வேறு அணுக்களின் மேல்தோலில் ஒரு பிடிப்பான் இருக்கும். ஏற்பி என்று பெயர். சேதி ஏற்பியில் வந்து உட்கார்ந்தால், அந்த அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்று ஒரு பதில் அனுப்பும். அது வந்தால்தான் விழுங்கிய அணுவுக்குக் கிருமியைக் கொல்லப் பலம் வரும். மித்ரனின் இரத்தத்தைச் சோதித்ததில், அந்த ஏற்பி அவன் அணுக்கள் எதிலும் இல்லை.

“நம்ம பண்ணையில கரண்டு போனா வாட்ச்மேன் ரூமுக்கு ஃபோன் அடிக்கிற மாதிரிங்களா?” என்று கேட்டேன்.

“அதேதான். ஃபோன் அடிக்குது. ஆனா அந்த ரூம்ல ஃபோனே இல்ல.”

எல்லாக் கிருமிக்கும் இப்படி ஆகாதாம். மற்றதையெல்லாம் பையன் உடம்பு நன்றாகவே விரட்டும். காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளும் சால்மோனெல்லாவும்தான் அவனை மடக்கும். தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுகிற அதே ஊசி, இவனுக்கு மட்டும் கக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஊசி மேல் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை என்றார்.

யார் மேலும் தப்பில்லை என்று சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். முட்டையைத்தான் நினைத்திருப்பார்.

வைத்தியம் உண்டு. மாத்திரைகள் நீண்ட காலத்துக்கு. கூடவே, உடம்பு அனுப்பாத அந்தப் பதிலையே ஊசியாக வாரம் மூன்று நாள் நாமே போட வேண்டும். பிழைப்பான் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலில் விழுந்திருப்பேன், கோகிலா சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

செலவைப் பற்றி இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

மார்ச் 6, திங்கள்

முதல் ஊசி. நர்ஸ் கற்றுக்கொடுக்க வந்தார். “கத்துக்குடுக்க என்ன இருக்குது? லட்சம் ஊசி போட்ட கை” என்றேன். மருந்தைக் குளிரில் வைப்பது, ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது, குலுக்காமல் இருப்பது, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

பையன் தொடையைப் பிடித்ததும் கை நடுங்கியது. நடுங்கியதென்றால் ஊசி நுனி ஆடியது. நர்ஸ் திரும்பிக்கொண்டார். இரண்டாம் முறை போட்டேன். மித்ரன் அழவில்லை. என்னைப் பார்த்து “கோழி?” என்று கேட்டான். அவனைப் பொறுத்தவரை ஊசி என்றால் கோழிக்குத்தான்.

மார்ச் 30, வியாழன்

மரபணு முடிவு வந்தது. ஏற்பியைச் செய்வதற்கான குறிப்பு ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு பிரதி இருக்கிறதாம். என்னிடம் ஒன்று பழுது, ஒன்று நல்லது. கோகிலாவிடமும் அப்படியே. அதே எழுத்து, அதே இடத்தில், அதே பழுது. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இறங்கியது. ஒரு பிரதி நல்லதாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பையனுக்கு இரண்டுமே பழுது.

மருந்து வாங்கக் கோகிலா கீழே போயிருந்தாள். டாக்டர் கேட்டார்: “வீட்ல வேற யாருக்காவது சொந்தத்துலயே கல்யாணம் பேசியிருக்கீங்களா? இருந்தா முன்னாடியே ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துடணும்.”

“இப்போதைக்கு அப்படி யாரும் இல்லீங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து, ரிப்போர்ட்டைப் பழைய ஐஸ் பெட்டியில், காலிப் பனிக்கட்டிப் பைகளுக்கு அடியில் வைத்தேன். தண்ணீர் படாமல் இருக்கும்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை முதல் நாள். கட்டி வற்றி வருகிறது. பையன் எடை கூடியிருக்கிறான். முட்டையை இப்போது பன்னிரண்டு நிமிடம் வேகவைக்கிறோம், நானே கடிகாரம் பார்க்கிறேன்.

பூபதி வீட்டின் பின்னால் புது அறை எழுப்புகிறான். செங்கல்லைத் தானே சுமக்கிறான். வைகாசி பத்தாம் தேதி உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக நாள் குறித்தாகிவிட்டது. உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு மாறாது. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்ன வீடு, ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

மே 5, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மே 12, வெள்ளி

ஒன்றுமில்லை. பூபதி அறைக்கு நீல வண்ணம் அடித்தான். சுகந்திக்கு நீலம் பிடிக்குமாம்.

மே 22, திங்கள்

காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு நாட்டுக்கோழிக் கொட்டாயைக் காட்டினார். புதுச் சேவலுக்குப் பொரித்த குஞ்சுகள். எல்லாம் துறுதுறுவென்று காலுக்குள் ஓடுகின்றன. “வேலு, உன்ற பேச்சக் கேட்டது நல்லதாப் போச்சு. ஒண்ணுகூட விழல பாரு” என்று வேலைக்காரர்கள் முன்னாலேயே தோளில் தட்டினார். வேறு நாளாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன். நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோகிலா அந்தப் பழைய ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். ரிப்போர்ட் அவள் மடியில் இருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும்.

“இது எத்தன நாளா இங்க இருக்குதுங்க?”

சேவல் கதையையும் குஞ்சுகள் ஓடுவதையும் எதற்கோ அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“மொதலாளி கோழிக்குச் சொன்னீங்க. என்ற தங்கச்சிக்குச் சொல்ல மாட்டீங்களா?”

அவளிடம் கத்தினேன். வாக்குக் கொடுத்தவன் நான், ஊர் என்னைத்தான் கேட்கும், பூபதி என் முகத்தில் முழிக்க மாட்டான் என்றெல்லாம் கத்தினேன். அவள் எழுந்து மித்ரனுக்கு ஊசி நேரமாகிவிட்டது என்றாள். போட்டேன். கை நடுங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதி வைக்கிறேன்.

மே 24, புதன்

அத்தை வீட்டு வாசலில் பந்தல். இரண்டு பக்கத்து உறவும் வந்திருந்தது. சுகந்தி நீலப் புடவையில் இருந்தாள். பூபதி புதுச் சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தான். தட்டில் உப்பு, இன்னொரு தட்டில் சர்க்கரை. பெரியவர் ஒருவர், “மூத்தவன் நீயே எடுத்துக் குடு” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

தட்டைத் தொடாமல் எழுந்து நின்றேன்.

“எல்லாரும் என்னைய மன்னிக்கோணும். இன்னிக்கு இது வேண்டாம். மொதல்ல இவுங்க ரெண்டு பேரும் ரத்தம் பாக்கோணும். என்ற பையனுக்கு வந்த நோய் வெளிய இருந்து வரல. என்ற ரத்தத்துல பாதி, கோகிலா ரத்தத்துல பாதி. ரெண்டும் ஒண்ணாச் சேந்துதான் அவனுக்கு வந்துது. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தேன்.”

பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியவில்லை. ஒருவர் “உன்ற பையனுக்கு வந்தா ஊருக்கே வருமா?” என்றார். இன்னொருவர் “படிச்ச டாக்டர் கெடுத்துட்டாங்க” என்றார். என் பெரியப்பா மகன் என் காதுபட, “ரத்தத்துல கொறை இருக்கற வீடுன்னு நீயே தண்டோரா போடறயாடா, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று கேட்டான். நான் ஏற்பி, பிரதி என்று ஏதேதோ விளக்கினேன், யாரும் காதில் வாங்கவில்லை. பூபதி பந்தலை விட்டு வெளியே போய்விட்டான்.

அப்போது பாவாயி அத்தை எழுந்தார். அத்தை சபையில் பேசி நான் பார்த்ததில்லை.

“வேலு சொல்றது நெசம்” என்றார். “என்ற மூத்தவனுக்கும் எடது கக்கத்துலதான். ஊசி போட்டு ஆறு மாசத்துல கட்டி. ஒடஞ்சு ஒடஞ்சு ஒழுகுச்சு. சாமி குத்தம்னாங்க, ஏழு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். ஒன்னரை வயசுல போயிட்டான். காச்சல்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லிட்டே இருக்கறேன்.”

அத்தை உப்புத் தட்டைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே கொண்டுபோனார். சர்க்கரைத் தட்டைக் கோகிலா எடுத்துப் போனாள்.

ஜூன் 20, செவ்வாய்

பூபதியும் சுகந்தியும் தனித்தனியாக வந்து இரத்தம் கொடுத்தார்கள். பூபதி என்னோடு பேசவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

இரண்டு பேருக்கும் ஒரு பிரதி பழுது.

கட்டிக்கொண்டால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, கருவிலேயே பார்க்க வழி உண்டு, முடிவு உங்களுடையது என்றார் டாக்டர் ஜெயசீலி. சுகந்தி வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: “மாமா, வேண்டாம்னு நாந்தான் சொல்றேன். நீங்க சொன்னதா யாரும் சொல்லக் கூடாது. அக்கா மித்ரனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்தத நான் பாத்திருக்கறேன்.” அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் குரல் உடையவில்லை. இந்தப் பெண் எங்கள் வீட்டுப் பெண் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

நீல அறையைப் பூபதி பூட்டிவிட்டான்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தீவன மெஷினில் வலது கை நசுங்கி, மூன்று விரலுக்குக் கட்டு. ஊசி நாள். கோகிலாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். என்ன செய்வதென்று உட்கார்ந்திருந்தபோது பூபதி உள்ளே வந்து, கை கழுவி, ஐஸ் பெட்டியைத் திறந்தான்.

“எத்தன அளவு?” என்று கேட்டான். மூன்று மாதத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சொன்னேன். போட்டான். மித்ரன் அவனையும் “கோழி?” என்று கேட்டான். பூபதி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வெகு நேரம் நடந்தான். திரும்பி வந்து, “திங்கக்கெழமையும் நானே வர்றேண்ணா” என்றான்.

செப்டம்பர் 1, வெள்ளி

ஆஸ்பத்திரி. கட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னத் தழும்பு மட்டும். இரத்தத்தில் கிருமி இல்லை. ஏற்பி வரப் போவதில்லை, அவன் ஆயுசுக்கும் கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பையன் வராந்தாவில் ஓடினான், நாங்கள் மூச்சு வாங்கத் துரத்தினோம்.

புதிதாக வந்த நர்ஸ் ஒருவர் படிவத்தை நிரப்பினார். “குடும்பத்துல நோய் ஏதாவது உண்டா?”

“உண்டுங்க” என்றேன். “இன்டர்லூகின்-12 ஏற்பி.” அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் அவருக்கு வாட்ச்மேன் ரூம், ஃபோன், எல்லாம் விளக்கினேன். வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கக்கத்தைக் காட்டி, “இதுவா இருக்குமாங்க?” என்று என்னிடமே கேட்டார். நேராக டாக்டரிடம் அழைத்துப் போய் விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வந்திருந்தார். மித்ரனை மடியில் வைத்து, தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: “நீ ஏதோ புஸ்தகத்துல எல்லாம் எழுதறயாமே சாமி. என்ற மூத்தவனையும் அதுல எழுதறயா? அவன எங்கயுமே எழுதல.”

“பேரென்ன அத்தை?”

முப்பத்தைந்து வருடமாக எங்களில் யாரும் கேட்டதில்லை.

“பழனிவேலு.”

டைரியின் முதல் பக்கத்தை எடுத்தேன். ‘இல்லை’ என்பதை அடித்தேன். இடம் கொஞ்சம்தான் இருந்தது, பொடி எழுத்தில் எழுதினேன்: ‘உண்டு. பழனிவேலு, இருந்தான். மித்ரன், இருக்கிறான்.’ அத்தைக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாக இரண்டு முறை படிக்கச் சொன்னார். அந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

கோகிலா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அடியில ரெண்டு கோடு போடுங்க” என்றாள்.

போட்டேன்.